பணிக்காயமும் இழப்பீட்டுக் கடனும்

திருச்சிராப்பள்ளியைக் கோயில்களின் ஊர் என்றும் கல்லூரிகளின் ஊர் என்றும் சொல்லிப் பழகியிருக்கிறோம். அது பட்டறைகளின் ஊருமாகும். 1920களில் பொன்மலையில் உருவான ரயில்வே பணிமனையும் 1960களில் திருவெறும்பூரில் அமைந்த பாரத மிகுமின் நிறுவனமும் இந்நகரின் உழைப்பு வாழ்வுக்கு வடிவம் தந்தன. கொதிகலன் ஆலைக்கு உறுப்புகள் செய்து கொடுக்கும் பொருட்டுத் துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் மாத்தூரிலும் சிறு தொழிற்கூடங்கள் பல எழுந்தன. காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தால், பழைய ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் உயர்வதையும், சாரத்தின்மேல் நின்று கொத்தனார்கள் பூச்சு வேலை செய்வதையும் காணலாம்.

இவ்விடங்களில் முதலாளி எனப்படுபவர் பெரும்பாலும் பத்துப் பதினைந்து பேரை வைத்து வேலை வாங்கும் சிறு தொழில் முனைவோரே. இரும்பு, தோல், மரம், உணவகம் எனப் பல தொழில்களில் நம் சமுதாயத்தாரும் இவ்வாறு இருக்கின்றனர். அவர்களுக்குத் தொழில் தெரியும், கொள்முதல் தெரியும், வரிக்கணக்கும் ஒருவாறு தெரியும். பிரஸ் எந்திரத்தில் ஒருவருடைய கட்டைவிரல் துண்டாகிவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில், ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. அந்த அறியாமையால் தொழிலாளியின் குடும்பம் நலிகிறது. பல வேளைகளில் முதலாளியின் தொழிலும் முடங்குகிறது. ஆதலால் இதனைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

கருணையா, கடனா?

தொழிலாளி காயம்பட்டால் நல்லுள்ளம் கொண்ட முதலாளி செய்வது என்ன? மருத்துவச் செலவை ஏற்கிறார். வீட்டுக்கு அரிசி பருப்பு அனுப்புகிறார். பெருநாள் வந்தால் கையில் ஒரு தொகை கொடுக்கிறார். இவை யாவும் நற்செயல்களே. ஆயினும், இவற்றைச் செய்ததால் தம் பொறுப்பு தீர்ந்தது என அவர் கருதும்போது பிழை தொடங்குகிறது. பணியின்போது நேர்ந்த காயத்துக்கான இழப்பீடு, சட்டத்தின் பார்வையில் முதலாளி தொழிலாளிக்குத் தர வேண்டிய கடன். அது அவர் விரும்பி ஈயும் உதவி ஆகாது. தம்மீதுள்ள கடனை ஜகாத் பணத்தைக் கொண்டு தீர்க்க இயலாது என்பது ஃபிக்ஹு நூல்களில் பழகிய வாசகர்களுக்குப் புதிதன்று. காயம்பட்ட தொழிலாளிக்கு ஜகாத் நிதியிலிருந்து ஒரு தொகையை அளித்துவிட்டு அதனையே இழப்பீடாக எண்ணிக்கொள்வோர் இருவகையிலும் தவறுகின்றனர்: ஜகாத்தும் முறையாக நிறைவேறுவதில்லை, இழப்பீடும் தீர்வதில்லை.

இதைக் கடன் என உலகம் ஏற்க நெடுங்காலம் ஆயிற்று. இங்கிலாந்தில் 1837ஆம் ஆண்டு பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர் என்ற வழக்கில், அளவுக்கு மீறி இறைச்சி ஏற்றப்பட்ட வண்டி உடைந்து தொடையெலும்பு முறிந்த ஒரு கசாப்புக் கடைப் பணியாளருக்கு எதுவும் கிடைக்கவில்லை. வேலையின் ஆபத்து வேலைக்கு வந்தவனையே சாரும் என்பது அன்றைய நீதி. ஜெர்மனி 1884இல் தொழில் விபத்துக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. இங்கிலாந்து 1897இல் இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2010இல் அது பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் மாறியது. 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்தபோது பழைய சட்டம் அதனுள் அடங்கியது. பெயர்கள் மாறினும் அடிப்படை மாறவில்லை: யார் தவறு செய்தார் என்பதன்று கேள்வி, காயம் வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்ததா என்பதே கேள்வி.

யார் கொடுக்க வேண்டும்?

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் கீழ், அதாவது நாம் ஈ.எஸ்.ஐ. என வழங்கும் திட்டத்தின் கீழ் வரும். 2017 ஜனவரி முதல் இதற்கான ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய். 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு ஊதியத்தில் 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு என நிர்ணயிக்கப்பட்டது. இதில் சேர்க்கப்பட்ட தொழிலாளிக்கு மருத்துவமும், வேலை செய்ய இயலாத காலத்தில் சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடும், அவர் இறந்தால் சார்ந்தோர்க்கு மாதந்தோறும் உதவித்தொகையும் காப்பீட்டுக் கழகமே வழங்கும். அவ்வாறு பெறுபவர் அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியே இழப்பீடு கோர இயலாது. எனவே தகுதியுடைய ஒவ்வொருவரையும் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே பதிவு செய்வது முதலாளிக்கே பெரும் காவல். பங்குத்தொகையை மிச்சப்படுத்த இருபது பேரை எட்டுப் பேராகக் காட்டுபவர், விபத்து நேரும்போது கழகம் வழங்கும் உதவியின் முழு மதிப்பையும் தாமே கழகத்துக்குத் திருப்பிக் கட்ட நேரிடும்.

ஈ.எஸ்.ஐ. எல்லைக்கு வெளியே உள்ளவர்களுக்கு முதலாளியே நேரடிப் பொறுப்பாளர். ஸ்ரீரங்கத்துக் கட்டட வேலையை இங்கு எடுத்துக்கொள்வோம். அடுக்குமாடி கட்டி விற்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர், பூச்சு வேலையை ஒரு மேஸ்திரியிடம் ஒப்பந்தம் விடுகிறார். மேஸ்திரி அழைத்து வந்த சித்தாள் சாரம் சரிந்து விழுகிறார். அந்தச் சித்தாளின் பெயர்கூட உரிமையாளருக்குத் தெரியாதிருக்கலாம். எனினும், அவ்வேலை அவருடைய தொழிலின் ஒரு பகுதியாதலால் இழப்பீட்டை அவரிடமே கோரலாம். கொடுத்த தொகையை மேஸ்திரியிடமிருந்து பெற்றுக்கொள்வது அவர் பாடு. தம் குடும்பம் வாழ ஒப்பந்ததாரர் வழியே வீடு கட்டிக்கொள்பவர்க்கு இந்த விதி பொதுவாகப் பொருந்தாது; ஒப்பந்ததாரரே பொறுப்பாளர். ஆனால் ஒப்பந்ததாரர் இன்றிக் கொத்தனாரைத் தாமே நாட்கூலிக்கு அமர்த்தினால் நிலைமை வேறு. தற்செயலாக அமர்த்தப்பட்டவர் தொழிலாளி ஆகார் என்ற விலக்கு 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. ஒரு மாடிக்கு மேற்பட்ட, அல்லது தரையிலிருந்து கூரையுச்சி வரை 12 அடியோ அதற்கு மேலோ உயரமுள்ள கட்டடத்தின் கட்டுமானம், பழுதுபார்ப்பு, இடிப்பு ஆகிய வேலைகள் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. 1994இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் தொழிலாளி உறுப்பினராக இருப்பதும் முதலாளியின் பொறுப்பைத் துடைத்துவிடாது.

தொகையைக் கணக்கிடும் முறை

தொகை பேரத்தால் முடிவாவதன்று. மாத ஊதியம், வயது, காயத்தின் தன்மை என்னும் மூன்றும் அதனை முடிவு செய்கின்றன. கணக்கில் கொள்ளும் உச்ச ஊதியத்தை மத்திய அரசு 2020 ஜனவரி 3 முதல் 15,000 ரூபாயாக உயர்த்தியது. ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பெருக்கு எண் அட்டவணையில் உண்டு: 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. இறப்புக்கு ஊதியத்தின் 50 விழுக்காட்டையும், நிரந்தர முழு ஊனத்துக்கு 60 விழுக்காட்டையும் அந்த எண்ணால் பெருக்க வேண்டும்.

துவாக்குடியில் ஒரு பற்றவைப்புப் பட்டறை என வைத்துக்கொள்வோம். 30 வயதுத் தொழிலாளி ஒருவர், மாத ஊதியம் 15,000 ரூபாய். அவர் விபத்தில் இறந்தால் 7,500ஐ 207.98ஆல் பெருக்க வரும் 15,59,850 ரூபாய் இழப்பீடு. இரு கைகளையும் இழந்தால் அது முழு ஊனம், 9,000ஐ 207.98ஆல் பெருக்க 18,71,820 ரூபாய். கட்டைவிரல் ஒன்றை மட்டும் இழந்தால் அட்டவணைப்படி உழைப்புத் திறனில் 30 விழுக்காடு இழப்பு. முந்தைய தொகையில் 30 விழுக்காடான 5,61,546 ரூபாய் தரப்பட வேண்டும். சில வாரங்களில் ஆறும் காயத்துக்கு, ஊதியத்தின் 25 விழுக்காட்டை அரை மாதத்துக்கு ஒருமுறை அளிக்க வேண்டும். மருத்துவத்துக்கு ஆன உண்மைச் செலவு இவற்றுக்கு மேலானது.

அட்டவணையின் விழுக்காடு எப்போதும் முடிவானதன்று. ஒடிசாவின் ஜெய்ப்பூரில் திரையரங்கு ஒன்றில் அலங்கார வேலை செய்த தச்சர் ஒருவர் 1968இல் கீழே விழுந்து, இடக்கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்டது. ஒரு கையால் தச்சுத் தொழில் செய்ய இயலாது. ஆகவே அவருக்கு இது முழு ஊனமே என்பதை உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் ஏற்றது. இழப்பீடு விபத்து நாளிலிருந்தே செலுத்தத்தக்கது, ஆணையர் தீர்ப்பளிக்கும் நாளிலிருந்தன்று என்பதும் அவ்வழக்கின் முடிவு. தீர்ப்பு வரட்டும், பிறகு பார்க்கலாம் எனக் காத்திருக்கும் முதலாளிகள் மனத்தில் கொள்ள வேண்டிய வழக்கு இது.

முதல் மணியும் முதல் வாரமும்

விபத்து நேர்ந்தவுடன் சிகிச்சை. மற்றவை அதற்குப் பின். அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும், காயம் எவ்வாறு நேர்ந்தது என மருத்துவர் கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். வழக்கின் முதல் ஆவணம் அதுவே. இவ்விடத்தில் சிலர், வீட்டில் வழுக்கி விழுந்தார் எனவும், வண்டியிலிருந்து விழுந்தார் எனவும் சொல்லிவைக்கின்றனர். தொழிலாளியும் வேலை போய்விடும் என்ற அச்சத்தில் தலையசைக்கிறார். ஒரு பொய்யை எழுதவைத்தவர் பின்னர் எதை மெய்யென்று சொன்னாலும் அது எடுபடாது. காப்பீட்டு நிறுவனமும் அந்தப் பதிவைக் காட்டியே பணம் தர மறுக்கும். முதலாளிக்கு அறமும் நலமும் ஒன்றாகவே நிற்கும் இடம் இது.

அடுத்து, நடந்ததை அன்றே எழுதி வைக்க வேண்டும்: நாள், நேரம், எந்த எந்திரம், என்ன வேலை, உடனிருந்தவர் யார், காப்புத் தடுப்பு பொருத்தப்பட்டிருந்ததா என்பன. படங்கள் எடுத்து, எந்திரத்தை அதே நிலையில் விட்டுவைத்தல் நலம். வருகைப் பதிவேடு, ஊதியப் பதிவேடு, வயதுச் சான்று ஆகியவற்றின் படிகளை ஒரு கோப்பில் சேர்க்க வேண்டும். கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளுடன் எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். எழுத்து இருதரப்பையும் காக்கிறது என்ற அந்த உணர்வு, கடைக்கணக்கில் பேணப்படும் அளவுக்குப் பட்டறை விபத்தில் பேணப்படுவதில்லை.

மூன்றாவது, அறிவிப்பு. இறப்போ கடுங்காயமோ நேர்ந்தால் ஏழு நாட்களுக்குள் இழப்பீட்டு ஆணையருக்கு அறிக்கை அனுப்புவது சட்டம் வகுத்த முறை. தமிழகத்தில் தொழிலாளர் துறையின் உயர் அலுவலர்களே இப்பொறுப்பை வகித்து வந்துள்ளனர். திருச்சிக்கும் அத்தகைய அலுவலகம் உண்டு. தொழிற்சாலையாகப் பதிவு பெற்ற இடமாயின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும், ஈ.எஸ்.ஐ. உடையவராயின் அக்கழகத்துக்கும், தனியார் காப்பீடு இருந்தால் அந்நிறுவனத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் குடும்பத்தாருடன் உடன்பாடு செய்துகொண்டு, பின்னர் அத்தொகையைக் கேட்பவர்கள் ஏமாற்றமடைவர்.

ஊர்ப் பேச்சும் முத்திரைத்தாளும்

நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளி இறந்துவிட்டால் ஜமாஅத் பெரியவரோ தொழிற்சங்கத் தலைவரோ நடுவில் அமர, ஒரு தொகை பேசி முடிக்கப்படுகிறது. விதவையின் கையெழுத்து முத்திரைத்தாளில் வாங்கப்படுகிறது. இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என அதில் எழுதப்படுகிறது. முதலாளி நிம்மதியாகிறார். ஆனால் அந்நிம்மதிக்குச் சட்ட ஆதாரம் இல்லை. இறப்புக்கான இழப்பீட்டை ஆணையரிடம் வைப்புச் செய்தால்தான் செலுத்தியதாகக் கொள்ளப்படும். நேரில் கொடுத்தது கணக்கில் வராது. சார்ந்தோர்க்கு மூன்று மாத ஊதியத்துக்கு நிகரான தொகையை முன்பணமாகக் கொடுக்க மட்டும் இடமுண்டு. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதப்பட்ட ஒப்பந்தமும் செல்லாது. சில மாதங்கள் கழித்து அதே விதவை மனுச் செய்தால் முதலாளி மீண்டும் முழுத் தொகையையும் கட்ட நேரும்.

இவ்விதியின் நோக்கம் துயரத்தில் இருக்கும் குடும்பத்தைப் பேரத்திலிருந்து காப்பது. ஆணையரிடம் வந்த தொகை, இறந்தவரைச் சார்ந்திருந்தோர் யாவர் என விசாரித்துப் பகிரப்படுகிறது. இது இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தன்று. ஆதலால் வாரிசுரிமைப் பங்கீட்டு விகிதம் இதற்குப் பொருந்துவதில்லை. மனைவி, சிறு குழந்தைகள், விதவைத் தாய் ஆகியோரின் தேவையை நோக்கி ஆணையர் பங்கிடுவார். ஊர்ப் பெரியவர்கள் உதவ விரும்பினால், தொகையைப் பேசுவதை விட்டு, குடும்பத்துக்கு ஆவணங்களைத் திரட்டிக் கொடுப்பதும் முதலாளியை உரிய அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வதும் அவர்கள் செய்யத்தக்க பெரும் பணி.

தாமதத்தின் விலை

தொகை செலுத்தத்தக்கதான நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி சேரும். தக்க காரணமின்றித் தாமதித்தால் அசலில் 50 விழுக்காடு வரை தண்டமும் விதிக்கப்படலாம். மேற்கண்ட 15,59,850 ரூபாயை இரண்டாண்டு இழுத்தடித்தால் வட்டி 3,74,364 ரூபாய். தண்டம் 7,79,925 ரூபாய் வரை. மொத்தம் 27,14,139 ரூபாய். காப்பீடு இருந்தாலும் தண்டத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டியதில்லை, அது முதலாளியின் சொந்தத் தவறுக்கானது என உச்ச நீதிமன்றம் 1997இல் தெளிவாக்கியது.

கோரிக்கையை முழுமையாக ஏற்க இயலாதபோது என்ன செய்வது? தாம் ஒப்புக்கொள்ளும் அளவுக்கான தொகையை உடனே வைப்புச் செய்துவிட்டு, எஞ்சியதைப் பற்றி வழக்காடலாம். சட்டமே இவ்வழியைக் காட்டுகிறது. மறுப்பதற்கும் நியாயமான காரணங்கள் உள. காயத்தால் மூன்று நாட்களுக்கு மேல் வேலை தடைப்படவில்லை என்பது ஒன்று. குடிபோதையில் இருந்தார், பாதுகாப்புக்கென வகுத்த விதியை வேண்டுமென்றே மீறினார், காப்புத் தடுப்பை அறிந்தே அகற்றினார் என்பனவும் காரணங்களே. ஆயின் இப்பிற்கூறியவை இறப்பிலும் நிரந்தர முழு ஊனத்திலும் எடுபடா. மேலும், விதியை மீறினார் என வாதிட வேண்டுமானால் விதி எழுத்தில் இருந்திருக்க வேண்டும். உற்பத்தி வேகத்துக்காக மேற்பார்வையாளரே தடுப்பைக் கழற்றச் சொன்ன பட்டறையில் அந்த வாதத்துக்கு இடமில்லை.

வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தைப் பற்றியும் அறிந்திருத்தல் வேண்டும். நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றால் அது வேலையோடு தொடர்புடையது என நிறுவப்பட்டால் அதுவும் பணி விபத்தே என உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் பழைய சட்டத்துக்கே விளக்கம் அளித்தது. புதிய தொகுப்பில் இது வெளிப்படையாகவே உள்ளது.

முன்கூட்டிச் செய்யத்தக்கவை

சிங்கப்பூரில் உடலுழைப்புத் தொழிலாளர் அனைவருக்கும் விபத்துக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கட்டாயக் கடமை. திருச்சியிலிருந்து அங்குச் சென்று உழைத்துத் திரும்பியவர்கள் இதனை அறிவர். இங்கு ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே உள்ள சிறு முதலாளிகளிடம் அத்தகைய பழக்கம் வேரூன்றவில்லை. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் பணியாளர் இழப்பீட்டுக் காப்பீட்டை வழங்குகின்றன. மொத்த ஊதியத்தையும் வேலையின் ஆபத்தையும் பொறுத்துக் கட்டணம் அமைகிறது. எடுக்கும்போது ஆட்களின் எண்ணிக்கையையும் ஊதியத்தையும் குறைத்துக் காட்டாதிருத்தல், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்தல், மருத்துவச் செலவும் வட்டியும் அடங்குமா எனப் படித்துப் பார்த்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை.

வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் அவருடைய இழப்பீட்டு உரிமையை எழுத்து வழியே தெரிவிக்க வேண்டும் என 2017இல் பழைய சட்டம் திருத்தப்பட்டது. தவறினால் 50,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை தண்டம் என்றும் அதில் விதிக்கப்பட்டது. உரிமையைச் சொல்லிக் கொடுத்தால் வழக்குப் பெருகும் என அஞ்சுவோர் உளர். நாம் கருதுவது வேறு. தமக்கு உரியது தவறாது வரும் என அறிந்த குடும்பம் முதலில் முதலாளியின் வீட்டுக் கதவைத் தட்டும். வராது என அஞ்சும் குடும்பமே வழக்கறிஞரைத் தேடும்.

காயம் ஆறியவரை மீண்டும் ஏற்பதும் இழப்பீட்டின் ஒரு பகுதியாகவே எண்ணத்தக்கது. விரல் இழந்தவர் பிரஸ் எந்திரத்தில் நிற்க இயலாதிருக்கலாம். சரக்கு இருப்பைக் காக்கவும் தரம் பார்க்கவும் அவரால் இயலும். இருபதாண்டு அனுபவத்தை வாசலோடு அனுப்பிவிடுவது முதலாளிக்கும் இழப்பே.

இவை அனைத்திற்கும் முந்தியது விபத்தைத் தடுத்தல். 2016 டிசம்பர் 1ஆம் நாள் திருச்சி மாவட்டம் துறையூரை அடுத்த முருங்கப்பட்டியில் வெடிமருந்து ஆலை வெடித்துப் பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. எந்த அட்டவணையின் பெருக்கு எண்ணும் அந்த வீடுகளில் ஏற்பட்ட வெற்றிடத்தை அளக்காது. இழப்பீடு என்பது இழந்ததைத் திருப்பித் தருவதன்று. எஞ்சியோர் பசியின்றி வாழ வழி செய்வது மட்டுமே. அந்த ஒன்றையேனும் நாள் தவறாமல், கணக்குத் தவறாமல், கேட்குமுன் செலுத்துவோம். கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கப் பணிக்கப்பட்டவர்கள் நாம். குருதி சிந்தியவரைக் காக்க வைப்பது எங்ஙனம் தகும்?